வேலைக்குப் பின்னால் பணம்: கலிஃபோர்னியாவில் வீட்டுக் கான்ட்ராக்டரை அமர்த்தும் முன்

வந்திருக்கும் கேள்வி இது: "ஃப்ரீமான்டில் 1964-இல் கட்டிய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே இருக்கும் சுவரை எடுத்துவிட்டு, சமையலறையை முழுவதும் மாற்றி, ஒரு குளியலறையையும் புதுப்பிக்க விருப்பம். நண்பர்கள் வழியாக ஒரு கான்ட்ராக்டர் அறிமுகமானார். 1,40,000 டாலர் சொல்கிறார். 30 சதவீதம் முன்பணம் வேண்டும் என்கிறார். நகராட்சியின் பெர்மிட்டை எங்கள் பெயரிலேயே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். ரொக்கமாகக் கொடுத்தால் விலையைக் குறைப்பாராம். உரிமம் இருக்கிறது என்று எண்ணையும் கொடுத்திருக்கிறார். நம்பி ஒப்படைக்கலாமா?"

இந்த நிபந்தனைகளோடு ஒப்படைக்கக் கூடாது. உரிம எண்ணைக் கொடுத்தது நல்ல அறிகுறிதான். ஆனால் அதற்குப் பிறகு அவர் கேட்ட மூன்றில் முன்பணம் சட்டத்துக்கே புறம்பானது; மற்ற இரண்டும் அவர் சுமக்க வேண்டிய பொறுப்பை உங்கள் தலையில் இறக்கி வைப்பவை. நான் இந்தப் பகுதியில் வீட்டு வேலைகளுக்கு மதிப்பீடு போடும் தொழிலில் பல ஆண்டுகள் இருந்தவன். நல்ல கான்ட்ராக்டர்களையும் பார்த்திருக்கிறேன்; பாதியில் நின்றுபோன சமையலறைகளையும் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் வேறுபாடு, பெரும்பாலும் பணம் எப்போது கைமாறியது என்பதில்தான் இருக்கிறது. அதனால் முன்பணத்திலிருந்து தொடங்குகிறேன்.

கலிஃபோர்னியாவில் வீட்டுச் சீரமைப்பு வேலைக்கு வாங்கக்கூடிய முன்பணம், ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அது. உங்கள் தொகையில் 10 சதவீதம் 14,000. ஆகவே உங்களுக்கு உச்சவரம்பு 1,000 டாலர்தான். அவர் கேட்பது 42,000. "கேபினட்டுகளை முன்கூட்டியே ஆர்டர் செய்ய வேண்டும், கடைக்காரர் பணம் கேட்கிறார்" என்று காரணம் சொல்வார். அந்தக் காரணத்துக்குச் சட்டத்தில் விலக்கு இல்லை. முழு வேலைக்கும் தனியாகப் பிணைப் பத்திரம் தாக்கல் செய்து ஒப்புதல் பெற்ற சில நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அப்படி இருந்தால் மாநில உரிம வாரியத்தின் இணையப் பக்கத்திலேயே அது தெரியும். கேபினட்டுக்கு உண்மையிலேயே முன்பணம் தேவை என்றால் நீங்களே கடையில் நேரடியாக ஆர்டர் செய்து, ரசீதை உங்கள் பெயரில் வாங்கிக்கொள்ளலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அளவெடுக்கும் பொறுப்பு யாருடையது என்பதை மட்டும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு கடுமையான வரம்பு? நம் ஊரில் வீடு கட்டியவர்களுக்கு மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுப்பது இயல்பான காரியம். சிமென்டும் கம்பியும் பெரும்பாலும் நாமே வாங்கித் தருவோம். அவரும் அக்கம்பக்கத்து ஆளாக இருப்பார். இங்கே நிலைமை வேறு. ஒரு கான்ட்ராக்டர் ஒரே நேரத்தில் நான்கைந்து வீடுகளை நடத்துகிறார். பணத் தட்டுப்பாட்டில் இருப்பவர் உங்கள் 42,000-ஐ வாங்கி முந்தைய வீட்டுக்காரரின் பாக்கி வேலையை முடிப்பார். உங்கள் வேலையை அடுத்து வருபவரின் முன்பணத்தில்தான் தொடங்க முடியும். அடுத்தவர் வராவிட்டால் உங்கள் வீடு பிரித்துப்போட்ட நிலையில் நிற்கும். இதற்கு அவர் மோசடிக்காரராக இருக்கவேண்டும் என்பதில்லை. கணக்கு வழக்கில் தடுமாறுபவராக இருந்தாலே போதும். முன்பணத்துக்குப் பிறகு வரும் தவணைகளுக்கும் சட்டம் இதையே சொல்கிறது: செய்து முடித்த வேலை, வந்து இறங்கிய பொருள் ஆகியவற்றின் மதிப்பைத் தாண்டிப் பணம் கேட்கக் கூடாது.

அடுத்து, பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். அதன் பெயர் மெக்கானிக்ஸ் லியன். உங்கள் வீட்டில் உழைத்த, அல்லது உங்கள் வீட்டுக்குப் பொருள் தந்த எவருக்கும் பணம் வரவில்லை என்றால், அவர் உங்கள் வீட்டின் மீதே உரிமை கோரிப் பதிவு செய்யலாம். இது கலிஃபோர்னியாவின் அரசமைப்புச் சட்டத்திலேயே இடம்பெற்றிருக்கும் உரிமை. கொடுமையான பகுதி என்னவென்றால், நீங்கள் கான்ட்ராக்டருக்கு முழுப் பணத்தையும் கொடுத்திருந்தாலும் இது நிற்கும். அவர் ஜன்னல் கடைக்குக் கொடுக்காமல் விட்டுவிட்டால், கடைக்காரர் தேடி வருவது உங்கள் வீட்டைத்தான். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஜன்னல்களுக்கான பணத்தைக் கான்ட்ராக்டரிடம் ஒரு முறையும், லியனை நீக்க ஜன்னல் கடைக்கு இன்னொரு முறையும் கொடுத்தது. அவர்கள் எந்தத் தவணையையும் தாமதிக்காத, கணக்கில் சுத்தமான மனிதர்கள். யாருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது என்று கேட்கலாம் என்பதை மட்டும் அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

இதற்குக் காவல் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. துணைக் கான்ட்ராக்டர்களும் பொருள் தருபவர்களும், வேலையையோ பொருளையோ தரத் தொடங்கி 20 நாட்களுக்குள் உங்களுக்கு ஒரு முன்னறிவிப்பு அனுப்பவேண்டும். மரக்கடையிலிருந்தோ பிளம்பரிடமிருந்தோ பதிவுத் தபாலில் அது வரும்போது, வீட்டை யாரோ பறிக்க வந்துவிட்டதாகப் பலர் பதறுகிறார்கள். அது லியன் அல்ல. "நானும் இந்த வேலையில் இருக்கிறேன், எனக்குப் பணம் வராவிட்டால் லியன் போடும் உரிமை எனக்கு உண்டு" என்று அவர்கள் தரும் தகவல். உங்களுக்கு அது உதவிதான். வரும் ஒவ்வொன்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். கூலிக்கு வேலை செய்யும் தொழிலாளர்கள் மட்டும் இந்த முன்னறிவிப்பு இல்லாமலேயே லியன் போடலாம். மற்றபடி யார் யாருக்குப் பணம் போய்ச்சேர வேண்டும் என்பதன் பட்டியல் அந்தக் கோப்பில் தானாகவே உருவாகிவிடும்.

பிறகு ஒவ்வொரு தவணையின்போதும் லியன் விடுவிப்புப் பத்திரம், அதாவது இந்தத் தொகைக்கு இனி லியன் கோரமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்ட காகிதம், கேளுங்கள். சட்டமே இதற்கு நான்கு படிவங்களை வகுத்துத் தந்திருக்கிறது. இடைத்தவணைக்கு இரண்டு, இறுதித் தவணைக்கு இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்று நிபந்தனையோடு கூடியது. காசோலை வங்கியில் மாறினால்தான் செல்லுபடியாகும். மற்றது நிபந்தனையற்றது, பணம் கையில் வந்துவிட்டது என்று உறுதி சொல்வது. நடைமுறை இப்படி: காசோலை கொடுக்கும்போது நிபந்தனைப் படிவத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தவணைக்கு வரும்போது, போன தவணைக்கான நிபந்தனையற்ற படிவத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கான்ட்ராக்டரிடம் மட்டும் வாங்கினால் போதாது. முன்னறிவிப்பு அனுப்பிய ஒவ்வொருவரிடமிருந்தும் வேண்டும். ஒருவர்மீது ஐயம் வந்தால், கான்ட்ராக்டர், கடைக்காரர் இருவர் பெயரிலும் கூட்டுக் காசோலை எழுதலாம். இருவரும் கையெழுத்திட்டால்தான் அது மாறும். முறையாகத் தொழில் செய்பவர்களுக்கு இதெல்லாம் பழக்கமான காகிதங்கள். கேட்டவுடன் முகம் சுளிப்பவரைப் பார்த்தால் நான் எச்சரிக்கையாகிவிடுவேன்.

ரொக்கத் தள்ளுபடியை ஏன் மறுக்கச் சொன்னேன் என்பது இப்போது புரிந்திருக்கும். ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு விடுவிப்புப் பத்திரமும் இருக்காது, வங்கிச் சான்றும் இருக்காது. தகராறு வந்தால், கொடுத்தேன் என்று நிறுவும் சுமை உங்களுடையது.

உரிம எண்ணுக்கு வருவோம். கான்ட்ராக்டர்ஸ் ஸ்டேட் லைசென்ஸ் போர்டு என்ற மாநில வாரியத்தின் இணையதளத்தில் எண்ணைக் கொடுத்தால் ஒரு பக்கம் வரும். உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். முதலில் பெயர். உரிமத்தில் இருக்கும் நிறுவனப் பெயரும், ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரும், காசோலை யார் பெயருக்கு எழுதச் சொல்கிறாரோ அந்தப் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். அடுத்தவரின் உரிம எண்ணை வாடகைக்கு எடுத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். யாருடைய அனுபவத்தையும் தேர்வையும் வைத்து நிறுவனத்துக்கு உரிமம் கிடைத்தது என்பதும் அந்தப் பக்கத்தில் இருக்கும். உங்கள் முன்னால் உட்கார்ந்து பேசுபவர் அவரா, கூட்டாளியா, வெறும் விற்பனையாளரா என்று கேளுங்கள். உரிம அட்டையையும் படத்துடன் கூடிய அடையாள அட்டையையும் காட்டச் சொல்வதில் தவறே இல்லை. விற்பனையாளர் வீடு தேடி வந்து ஒப்பந்தம் பேசுவதாக இருந்தால் அவரும் தனியாகப் பதிவு செய்திருக்கவேண்டும்.

அடுத்தது உரிமத்தின் வகை. உங்கள் வேலைக்கு இதுதான் முக்கியம். பொதுக் கட்டட வேலைக்கான உரிமம் 'பி' வகை. எலக்ட்ரீஷியனுக்கு சி-10, பிளம்பருக்கு சி-36, கூரை வேலைக்கு சி-39 என்று தனித்தனி வகைகள் உண்டு. 2021-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் 'பி-2' என்று ஒரு வகை சேர்ந்திருக்கிறது. அது ஏற்கெனவே இருக்கும் வீடுகளைப் புதுப்பிப்பவர்களுக்கானது. பி-2 வைத்திருப்பவர் கட்டடத்தின் பாரம் தாங்கும் பகுதிகளை மாற்றக் கூடாது. நீங்கள் எடுக்க நினைக்கும் சுவர் பாரம் தாங்குவதாக இருந்தால், பி-2 உரிமம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்த வேலைக்குப் போதாது. அவருடைய எண்ணுக்கு நேரே எந்த எழுத்து இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

உரிமம் இருந்தால் திறமை இருக்கிறது என்று பொருளா? இல்லை. கடந்த பத்தாண்டுகளில் குறைந்தது நான்கு ஆண்டு அனுபவம், பொதுவாகத் தொழிலிலும் சட்டத்திலும் தேர்வு, கைரேகைச் சரிபார்ப்பு ஆகியவற்றைத்தான் அது காட்டுகிறது. டைல்ஸ் நேராக ஒட்டுவாரா என்பதை அது சொல்லாது. வாரியத்தின் பக்கத்தில் புகார் எதுவும் இல்லாததையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சட்ட நடவடிக்கை அளவுக்குப் போன புகார்கள்தான் பொதுவாக அங்கே வெளியாகும். கவுன்டி (மாவட்ட) நீதிமன்றத்தின் இணையத் தேடலில் நிறுவனப் பெயரைப் போட்டுப் பாருங்கள். கடந்த ஓராண்டில் வேலை முடித்துக்கொடுத்த வீட்டுக்காரர்கள் சிலரிடம் பேசுங்கள். அவர்களிடம் "வேலை நன்றாக இருந்ததா" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "பிரச்சினை ஒன்று வந்தபோது என்ன செய்தார்?", "கடைசி மிச்சவேலைகளை முடிக்க எத்தனை முறை அழைக்க வேண்டியிருந்தது?" என்று கேளுங்கள்.

ஆனாலும் உரிமம் இல்லாதவரிடம் போவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். 1,000 டாலருக்குக் குறைவான, பெர்மிட் தேவைப்படாத, ஆள் வைக்காமல் ஒருவரே செய்யும் சில்லறை வேலைக்கு மட்டும்தான் இங்கே உரிமம் இல்லாமல் அனுமதி. உரிமம் இல்லாமல் பெரிய வேலை செய்தவர் உங்களிடம் கூலி கேட்டு வழக்குப் போட முடியாது. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு நீங்கள் வழக்குப் போடலாம். சட்டம் இவ்வளவு உங்கள் பக்கம் நிற்கிறது. ஆனால் பெரும்பாலும் அவரிடம் திருப்பித்தர எதுவும் இருக்காது.

பெர்மிட். "உங்கள் பெயரிலேயே எடுங்கள்" என்பது கேட்க எளிமையாக இருக்கிறது. அப்படி எடுத்தால் நகராட்சியின் பார்வையில் நீங்களே கட்டுபவர். கட்டட விதிகளுக்கும், வேலையாட்களுக்கு ஏற்படும் காயங்களுக்கும், குறைகளுக்கும் முதல் பொறுப்பு உங்களுடையது என்று கையெழுத்திட்டுத்தான் அதை வாங்குவீர்கள். உரிமம் உள்ள கான்ட்ராக்டருக்குத் தன் பெயரில் பெர்மிட் எடுக்க எந்தத் தடையும் இல்லை. பிறகு ஏன் தயங்குகிறார்? உரிமத்தில் ஏதாவது சிக்கலோ, காப்பீட்டில் ஓட்டையோ இருக்கக்கூடும். பெர்மிட்டே வேண்டாம் என்று நாளை சொன்னாலும் கேட்காதீர்கள். வீட்டை விற்கும்போது நீங்கள் கையெழுத்திட்டுத் தரும் வெளிப்படுத்தல் படிவத்தில், அனுமதியில்லாமல் செய்த மாற்றங்கள் உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

ஃப்ரீமான்ட் என்பதால் இன்னொன்றையும் சேர்க்கிறேன். ஹேவர்ட் பிளவு உங்கள் ஊருக்குள்ளேயே ஓடுகிறது. 1868-இல் அது பெரிய நிலநடுக்கத்தைத் தந்தது. மரச்சட்ட வீடுகளில் சில சுவர்கள் மேலிருக்கும் பாரத்தை மட்டும் தாங்குவதில்லை. வீடு பக்கவாட்டில் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்வதும் அவைதான். ஹாலையும் சமையலறையையும் ஒன்றாக்கத் தட்டி எடுக்கப்படும் சுவர் இந்த இரண்டு வேலைகளையும் செய்துகொண்டிருக்கலாம். சுவரைத் தட்டிப் பார்த்து "இது சும்மா நிற்கிற சுவர்" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைத் தனியாக அமர்த்தி, எந்த அளவு உத்திரம், எங்கே தாங்குதூண், அடித்தளத்தில் என்ன மாற்றம் என்று வரைபடம் வாங்குங்கள். அந்த வரைபடத்தோடுதான் நகராட்சிக்கும் போகவேண்டும், கான்ட்ராக்டர்களிடம் விலை கேட்கவும் வேண்டும். பொறியாளருக்குக் கொடுக்கும் பணம் இந்த முழு வேலையில் மிகவும் நன்றாகச் செலவாகும் பணம்.

நகராட்சி ஆய்வாளர் வருவதை இடைஞ்சலாகப் பார்ப்பவர்களும் உண்டு. உண்மையில் அவர் உங்களுக்காகக் கட்டணத்துக்குள்ளேயே வரும் இரண்டாவது கண். மரச்சட்டங்கள், குழாய்கள், மின்கம்பிகள் எல்லாம் போட்டு முடிந்து, ட்ரைவால் (சுவரை மூடும் ஜிப்சம் பலகை) அடிப்பதற்கு முன்னால் அவர் பார்க்கவேண்டும். ட்ரைவால் மூடிய பிறகு உள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆய்வுக்கு முன் சுவரை மூட அவசரப்படும் கான்ட்ராக்டரை அங்கேயே நிறுத்துங்கள். உங்கள் கைப்பேசியில் ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்தும் வையுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போதுகூட உதவும்.

காப்பீடு பற்றிச் சுருக்கமாக. தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு இருக்கிறதா என்று உரிமப் பக்கத்திலேயே தெரியும். "ஆட்கள் இல்லை" என்று விலக்கு வாங்கியவர், காலையில் நான்கு பேரோடு வந்து இறங்கினால் ஏதோ சரியில்லை. அவர்களில் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்தால் பொறுப்பு உங்கள்மீது திரும்ப வாய்ப்பு இருக்கிறது. பொதுப் பொறுப்புக் காப்பீடு எல்லாக் கான்ட்ராக்டர்களுக்கும் கட்டாயமில்லை. ஆனால் அது இருக்கிறதா இல்லையா என்பதை ஒப்பந்தத்தில் அவர் குறிப்பிடவேண்டும். சான்றிதழை அவருடைய காப்பீட்டு முகவரே உங்களுக்கு நேரடியாக அனுப்பட்டும். அவர் கைப்பேசியில் காட்டும் படம் போதாது. "எனக்குப் பிணைப் பத்திரம் இருக்கிறது" என்பதையும் பெரிதாக எண்ணாதீர்கள். உரிமத்துக்காக அவர் வைத்திருக்கவேண்டிய அந்தப் பத்திரத்தின் தொகை 2023 முதல் 25,000 டாலர். அது உங்கள் ஒரு வீட்டுக்கு அல்ல, அவர்மீது உரிமை கோரும் எல்லோருக்கும் சேர்த்து.

இனி விலை. 1,40,000 சரியா என்று கேட்கிறீர்கள். ஒரே ஒரு விலைப்புள்ளியை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. பொறியாளரின் வரைபடத்தையும், கேபினட், சமையல் மேடை, டைல்ஸ், குழாய்ச் சாமான்கள் ஆகியவற்றின் மாடல் பெயர் வரைக்கும் எழுதிய பட்டியலையும் தயார் செய்து, அதே காகிதங்களை மூவரிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் மூவரும் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கு விலை சொல்வார்கள்.

விலைப்புள்ளியில் நீங்கள் தேடிப் பார்க்கவேண்டியது 'அலவன்ஸ்' என்ற வரிகளை. இன்னும் தேர்வு செய்யாத பொருளுக்கு ஒரு தோராயத் தொகையை அங்கே போட்டிருப்பார்கள். டைல்ஸுக்குச் சதுர அடிக்கு 4 டாலர் என்று ஒருவர் போட்டிருப்பார். நீங்கள் கடையில் விரும்பி எடுப்பது 11 டாலராக இருக்கும். அந்த வேறுபாடு முழுவதும் பிறகு உங்கள் கணக்கில் ஏறும். குறைந்த விலை சொன்னவர் வெல்வது பெரும்பாலும் இந்த வரிகளில்தான். பெயின்ட், குப்பை அகற்றுதல், பெர்மிட் கட்டணம், மின்பலகையை மாற்றுதல் ஆகியவை உள்ளே இருக்கின்றனவா என்றும் பாருங்கள். 1960-களின் வீடு என்பதால், சுவரைத் திறந்தவுடன் துருப்பிடித்த இரும்புக் குழாய்களும் தரைக்கம்பி இல்லாத பழைய மின்கம்பிகளும் வெளிப்படுவது வழக்கம். ஒப்பந்தத் தொகைக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் உங்கள் கையில் தனியாக இருக்கட்டும். அப்படி ஒரு தொகை இருப்பதைக் கான்ட்ராக்டரிடம் சொல்லத் தேவையில்லை.

பழைய வீட்டுக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். 1978-க்கு முன் கட்டிய வீடுகளில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கலாம். அதைக் கலைக்கும் வேலையைச் சான்று பெற்ற நிறுவனம்தான் செய்யவேண்டும் என்பது 2010 முதல் அமலில் இருக்கும் மத்திய அரசின் விதி. அவரிடம் அந்தச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். கூரையின் அடியில் சொரசொரப்பாகத் தெளித்த பூச்சு, பழைய வினைல் தரை, அதன் பசை ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். சுரண்டுவதற்கு முன்னால் ஆய்வகத்தில் சோதித்துவிடுங்கள். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் இந்த இரண்டிலும் ஒரு துளியும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். மொத்தத் தொகை டாலரில், தொடங்கும் நாளும் முடியும் நாளும் தோராயமாகவாவது, வேலையின் விவரம், தவணை அட்டவணை எல்லாம் அதில் இருக்கவேண்டும் என்று சட்டமே கேட்கிறது. ஒப்பந்தத்தைப் பொதுவாக மூன்று வேலைநாட்களுக்குள் நீங்கள் ரத்து செய்யலாம்; கையெழுத்திடும் வீட்டுக்காரர் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் என்றால் ஐந்து வேலைநாள். நடுவில் எதையாவது மாற்றினால், எவ்வளவு கூடும், எத்தனை நாள் கூடும் என்று எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பிறகே அந்த வேலை தொடங்கவேண்டும். "இதை மட்டும் கொஞ்சம் நகர்த்திவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வேலையாளிடம் நாமே சொல்லிவிடுவதுதான் பல சண்டைகளின் வேர். அந்தப் பேச்சை வீட்டில் இருக்கும் எல்லோரும் தவிர்க்கவேண்டும். விருந்தாளியாக வந்திருக்கும் பெற்றோரும்தான்.

தவணைகளை நாட்காட்டியோடு கட்டாதீர்கள், முடிந்த வேலையோடு கட்டுங்கள். "ஒவ்வொரு மாதமும் 30,000" என்ற அட்டவணையை ஏற்கவேண்டாம். உங்கள் வேலைக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: கையெழுத்தின்போது 1,000. இடிப்பு முடிந்து குப்பை வெளியேறியதும் 14,000. உத்திரம் ஏறி, குழாயும் மின்கம்பியும் போட்டு, நகராட்சி ஆய்வில் தேறியதும் 35,000. ட்ரைவால் முடிந்ததும் 15,000. கேபினட் வந்து பொருத்தியதும் 35,000. சமையல் மேடை, டைல்ஸ், குழாய்ச் சாமான்கள் முடிந்ததும் 22,000. இறுதி ஆய்வில் தேறி, மிச்சவேலைப் பட்டியலும் முடிந்து, எல்லோருடைய இறுதி விடுவிப்புப் பத்திரங்களும் கைக்கு வந்ததும் மீதி 18,000. எண்களை அவருடைய உண்மையான செலவுக்கு ஏற்ப நகர்த்தலாம். கடைசித் தவணையை மட்டும் சிறிதாக்க விடாதீர்கள். 2,000 டாலர்தான் மிச்சம் என்றால், கதவின் கைப்பிடியைப் பொருத்த அவர் திரும்பி வரமாட்டார்.

நண்பர்கள் வழியாக வந்தவரிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கும். ஒரே கோயிலுக்குப் போகிறோம், பிள்ளைகள் ஒரே தமிழ்ப் பள்ளியில் படிக்கிறார்கள் என்ற நெருக்கத்தில் எழுத்தே இல்லாமல் கைமாறும் தொகைகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. அவரிடம் நேராகவே சொல்லுங்கள்: "எங்களுக்கு உங்கள்மேல் மரியாதை இருக்கிறது. முன்பணம் 1,000, பெர்மிட் உங்கள் பெயரில், எல்லாம் காசோலையில், தவணைக்குத் தவணை விடுவிப்புப் பத்திரம். சம்மதம் என்றால் உங்கள் விலைப்புள்ளியையும் மற்ற இரண்டோடு வைத்துப் பார்க்கிறோம்." சம்மதித்தால் அவரைப் பற்றிய என் கருத்தும் மாறும், கேட்டுப் பார்ப்போம் என்று முதலில் அதிகம் கேட்டிருக்கலாம். மறுத்தால் நட்பு கெடாமல் விலகிக்கொள்ள உங்களுக்குச் சட்டமே காரணம் தருகிறது.

எல்லாம் முடிந்தபின் ஒரு காகிதம் பாக்கி இருக்கும். வேலை முடிந்து 15 நாட்களுக்குள், வேலை நிறைவு அறிவிப்பை ஓக்லாந்தில் இருக்கும் ஆலமேடா கவுன்டிப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். அதைப் பதியாவிட்டால், லியன் போட எல்லோருக்கும் வேலை முடிந்ததிலிருந்து 90 நாள் அவகாசம். பதிந்தால் கான்ட்ராக்டருக்கு 60 நாளாகவும், துணைக் கான்ட்ராக்டர்களுக்கும் கடைகளுக்கும் 30 நாளாகவும் குறைந்துவிடும். லியன் போட்டவர் 90 நாட்களுக்குள் வழக்குத் தொடராவிட்டால் அதை நடைமுறைப்படுத்த முடியாது. நிறைவு அறிவிப்புப் படிவம் ஒரு பக்கம்தான். அதில் இருப்பது உண்மை என்று உறுதி கூறிக் கையெழுத்திட்டு எடுத்துப் போங்கள்.